படைத் தொழிற்பயிற்சியும் பெற்றோர் கடமையும்

(ஊத்துக்கோட்டையில், படைப்பயிற்சிக்குச் சென்றுள்ள இளைஞர்களின் பெற்றோரும் ஊராட்சிப் பெரியோர்களும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



சாதாரணமாக இத்தகைய கூட்டங்களில் நான் உங்களிடம் பேசுவது சாலை, குடிநீர், ஏரி மதகு, தெருவிளக்கு முதலியவற்றைப் பற்றியே. இன்று எடுத்துக்கொண்ட பொருள் அவற்றினின்று சற்று வேறானது. நம் வட்டாரத்து இளைஞர்கள் தரைப்படை, கடற்படை, விமானப்படை ஆகியவற்றின் தொழில்நுட்பப் பிரிவுகளில் சேர்ந்து பயிற்சிக்குச் செல்கின்றனர். செல்லுமுன் அவர்களுக்கு ஓட்டம் பழக்குவோரும், தேர்வுக்குப் பாடம் சொல்லுவோரும் இருக்கின்றனர். சென்றபின் கவனித்துக்கொள்ளப் பயிற்சி நிலையத்தில் ஆசிரியர்களும் அதிகாரிகளும் இருக்கின்றனர். ஆனால், பிள்ளையை அனுப்பிவிட்டு வீட்டில் அமர்ந்திருக்கும் தாய்க்கும் தந்தைக்கும் ‘இன்னவாறு நடந்துகொள்ளுங்கள்’ என்று சொல்லுவார் ஒருவரும் இலர். அந்தக் குறையைச் சிறிதேனும் போக்க வேண்டும் என்பதே என் நோக்கம்.

என் கருத்தை முதலிலேயே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பயிற்சியில் பாதி கவாத்து மைதானத்திலும் பட்டறையிலும் நடைபெறுகிறது. மற்றப் பாதி பிள்ளையின் வீட்டில் நடைபெறுகிறது. வீடு உறுதியாக நின்றால் பிள்ளை கற்பான்; வீடு கலங்கினால் எத்துணைத் திறமை உடையவனும் தடுமாறுவான்.

நமக்கு எளிதில் விளங்கும் உதாரணம் ஒன்று கூறுகிறேன். ஆந்திர மாநிலத்துக் கண்டலேறு நீர்த்தேக்கத்தினின்று புறப்படும் கிருஷ்ணா நீர், 150 கிலோமீட்டருக்கு மேல் கால்வாயில் வந்து, நம் ஊத்துக்கோட்டைக்கு அருகில் தமிழக எல்லைக்குள் புகுந்து, பின்னும் 25 கிலோமீட்டர் சென்று பூண்டி ஏரியை அடைகிறது. அத்தனை தூரம் நீரைக் கொண்டு சேர்ப்பது எது? நீரின் வேகம் மட்டுமன்று, இருபுறத்துக் கரைகளும்தாம். வேகம் எவ்வளவு இருந்தாலும் கரை உடைந்தால் நீர் காட்டில் பாயும். பிள்ளையின் ஊக்கம் நீரைப் போன்றது. பெற்றோரின் மனவுறுதி கரையைப் போன்றது.

எவ்வகைப் பயிற்சி?

படை என்றவுடன் துப்பாக்கியும் அணிவகுப்புமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் இக்காலத்துப் படை இயந்திரங்களை நம்பி நிற்பது. வாகன இயந்திரம், கப்பலின் மின்னமைப்பு, விமானத்தின் எண்ணெய்க் குழாய், ரேடார், கம்பியில்லாத் தொடர்பு ஆகிய அனைத்தையும் பழுதின்றி வைத்திருக்க ஆயிரக்கணக்கான கைகள் வேண்டும். இது நமக்குப் புதிய செய்தியன்று. நம் மாவட்டத்து ஆவடியிலேதான் 1965-ஆம் ஆண்டு ‘விஜயந்தா’ டாங்கி உருவாகி வெளிவந்தது. பாலம் அமைத்தல், பாதை வகுத்தல், கண்ணிவெடி அகற்றுதல் ஆகிய பணிகளில் பெயர் பெற்ற ‘மதராஸ் சாப்பர்ஸ்’ என்னும் பொறியாளர் படை, 1780-இல் சென்னையில் அமைக்கப்பட்ட பயனீர் அணிகளிலிருந்து வளர்ந்ததே. அதன் தலைமையிடம் இன்று பெங்களூரில் உள்ளது.

பயிற்சி நிலையங்கள் நாடெங்கும் பரவிக் கிடக்கின்றன. தரைப்படையின் வாகனங்களையும் கருவிகளையும் பழுதுபார்க்கும் மின், இயந்திரப் பொறியியல் பிரிவு 1943-இல் தோன்றியது. அதன் பயிற்சி செகந்திராபாத்திலும் போபாலிலும் நடைபெறுகிறது. கடற்படையில் கப்பல் இயந்திரக் கல்விக்கு லோணாவாலாவிலுள்ள ஐ.என்.எஸ். சிவாஜியும், மின்சாரக் கல்விக்கு ஜாம்நகரிலுள்ள ஐ.என்.எஸ். வால்சுராவும் உள்ளன. விமானப்படையினர் பெலகாவியில் அடிப்படைப் பயிற்சி பெறுகின்றனர். ஜாலஹள்ளியிலும் நமக்கு அண்மையிலுள்ள தாம்பரத்திலும் தொழிற்கல்வி அளிக்கப்படுகிறது.

கடற்படையில் சேரும் பிள்ளைகள் முதலில் செல்வது ஒடிஷாவிலுள்ள ஐ.என்.எஸ். சில்காவுக்கு. ‘எங்கோ கண்காணாத தேசத்தில் இருக்கிறான்’ என்று வருந்தும் தாய்மார்களுக்கு ஒன்று சொல்லுவேன். கும்மிடிப்பூண்டி வழியாக வடக்கே ஓடும் ஹௌரா இருப்புப்பாதையின் ஓரத்திலேதான் சில்காவும் இருக்கிறது. நாம் நாள்தோறும் காணும் தண்டவாளமே உங்கள் பிள்ளை இருக்கும் இடம் வரை செல்லுகிறது. அங்கே 16 வாரங்கள் அடிப்படைப் பயிற்சி பெற்ற பின்னரே அவரவர் தொழிலுக்குரிய பள்ளிகளுக்கு அனுப்பப்படுகின்றனர்.

பயிற்சி எதனால் கடினமாகிறது என்பதைப் பெற்றோர் அறிதல் வேண்டும். பொழுது விடியுமுன் எழுந்திருத்தல், உடற்பயிற்சி, கவாத்து, அதன்பின் வகுப்பு, பட்டறை, மாலையில் விளையாட்டு, இரவில் பாடம் என்று நாள் முழுவதும் கணக்கிட்டு வைக்கப்பட்டிருக்கும். உடல் களைத்துக் கண் அயரும் வேளையில் மின்சுற்றுப் படத்தைப் பார்த்துப் பழுது எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும். வயல்வேலையில் ஒரு வரப்பு கோணலானால் மறுநாள் திருத்திக்கொள்ளலாம். விமானத்தின் ஒரு திருகாணியை இத்தனை இறுக்கம்தான் இறுக்க வேண்டும் என்ற அளவு தவறினால், அதைத் திருத்த மறுநாள் வாராமற்போகலாம். ஆகையால்தான் அங்கே சிறு பிழையையும் பொறுப்பதில்லை. ஆசிரியர் கடிந்து பேசுவது பகையினால் அன்று. பின்னாளில் அந்த விமானத்தில் ஏறப்போகிறவர் உயிரை எண்ணியே.

மொழியும் ஒரு சுமையாகும். தரைப்படைக்கான பொது நுழைவுத் தேர்வைத் தமிழ் உள்ளிட்ட 13 மொழிகளில் எழுதலாம் என்று 2025-இல் வகை செய்யப்பட்டது. ஆயினும் பயிற்சி தமிழில் நடைபெறாது. கட்டளைச் சொற்கள் இந்தியில் இருக்கும். தொழில்நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். நம் எல்லைப்புறத்துப் பிள்ளைகள் தமிழும் தெலுங்கும் பேசி வளர்ந்தவர்கள். இன்னும் ஒரு மொழிக்கு அஞ்ச வேண்டியதில்லை. தேர்வு முடிவு வந்த நாள் முதல் புறப்படும் நாள் வரை கிடைக்கும் வாரங்களில், நாள் ஒன்றுக்கு 20 சொற்கள் வீதம் கற்றாலும் போதும். திருகாணி, அழுத்தம், மின்னோட்டம், வால்வு, காப்புறை முதலியவற்றிற்குரிய ஆங்கிலப் பெயர்களை ஒரு குறிப்பேட்டில் எழுதி மனனம் செய்தால், முதல் மாதத்துத் திகைப்பில் பாதி குறையும்.

அனுப்புமுன் செய்ய வேண்டுவன

முதலாவது, உடலைப் பற்றியது. ஓராண்டு காலம் அமர்ந்து படித்துவிட்டு, கடைசி இரண்டு வாரத்தில் தார்ச்சாலையில் தேய்ந்த செருப்போடு ஓடும் பிள்ளைக்கு முன்னங்கால் எலும்பில் மயிரிழை போன்ற விரிசல் காண்பது உண்டு. புதிதாகப் படையில் சேருவோரிடையே உலகெங்கும் காணப்படும் துன்பம் இது. 1.6 கிலோமீட்டர் ஓட்டம் தேர்வோடு முடிந்துவிடுவதில்லை. பயிற்சி முழுவதும் ஓட்டம்தான். ஆகவே மூன்று நான்கு மாதம் முன்பே தொடங்கி, சிறிது சிறிதாகத் தூரத்தைக் கூட்டி, மண்தரையில் நல்ல காலணியோடு ஓட வேண்டும். வலித்தால் மறைக்காமல் ஓய்வு கொள்ள வேண்டும். உணவுக்கு வெளியூர் டப்பாக்கள் தேவையில்லை. கேழ்வரகு, நிலக்கடலை, எள், முருங்கைக்கீரை, பால், முட்டை, சிறுமீன் ஆகியவை நம் ஊரிலேயே கிடைப்பன. பெண்பிள்ளைகளுக்கு இரத்தசோகை இருக்கிறதா என்பதை ஆரம்ப சுகாதார நிலையத்தில் சோதித்து, இருந்தால் புறப்படுமுன்பே மருந்து உட்கொள்ளச் செய்தல் அவசியம்.

இரண்டாவது, சான்றிதழ்கள். பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர், ஆதாரில் வேறு எழுத்து, சாதிச் சான்றிதழில் தந்தை பெயர் பிழை என்ற நிலைமை நம் வட்டாரத்தில் மிகுதி. ஆட்சேர்ப்பு நாளுக்கு முதல்நாள் மாலை அலுவலகத்துக்கு ஓடி வருவதில் பயனில்லை. பிள்ளை பத்தாம் வகுப்பு முடித்தவுடனேயே இவற்றை ஒத்துப் பார்த்துத் திருத்திவிடுங்கள்.

மூன்றாவது, தரகர்கள். ‘இத்தனை லட்சம் கொடுத்தால் இடம் நிச்சயம்’ என்று சொல்லுபவன் எவனாயினும் அவன் வஞ்சகன். படையில் சேருவதற்குப் பணம் கொடுக்க வேண்டிய இடம் எதுவும் கிடையாது. நிலத்தை அடகு வைத்துத் தரகனிடம் கொடுத்துவிட்டுப் பின்னர் காவல் நிலையத்துத் திண்ணையில் உட்கார்ந்திருப்பதைவிட, அந்த நிலத்தில் ஒரு போகம் கூடுதலாகப் பயிரிடுவது மேல்.

தொலைபேசியும் பழைய தந்தியும்

இனி, பிள்ளை பயிற்சி நிலையத்தில் இருக்கும் காலத்தைப் பற்றிக் கூறுகிறேன். தொடக்க வாரங்களில் தொலைபேசியில் பேச அனுமதி குறைவாகவே இருக்கும். மூன்று நாள் அழைப்பு வரவில்லை என்றால் ஏதோ நேர்ந்துவிட்டது என்று பொருளன்று. பிள்ளை பயிற்சியில் இருக்கிறான் என்றே பொருள். உண்மையிலேயே ஏதேனும் நேர்ந்தால் பயிற்சி நிலையத்தாரே பெற்றோருக்கு அறிவிப்பர்.

பெரியவர்களுக்கு நினைவிருக்கும். நம் நாட்டில் தந்தி 2013 ஜூலை மாதம் வரை இருந்தது. அந்நாளில் படையில் இருக்கும் மகனை ஊருக்கு வரவழைக்க, ‘தாயார் கவலைக்கிடம், உடனே புறப்படு’ என்று பொய்யாகத் தந்தி அடிக்கும் வழக்கம் நம் கிராமங்களில் இருந்தது. மகன் அரண்டு ஓடி வருவான். தாயார் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருப்பாள். தந்தி போய்விட்டது, அந்தப் புத்தி மட்டும் சிலரிடத்தில் இன்னும் போகவில்லை.

ஒரு விவசாயி என்னிடம் வந்து, தம் மனைவிக்கு உடல்நிலை மிக மோசமாக இருப்பதாகவும், பயிற்சியில் உள்ள மகனை அனுப்பிவைக்கும்படி அலுவலக முத்திரையுடன் கடிதம் தர வேண்டும் என்றும் கேட்டார். மருத்துவச் சீட்டு எங்கே என்று கேட்டேன். தலை குனிந்தார். அவருடைய மனைவி வெளியே வேப்பமரத்தடியில் நல்ல நிலையில் உட்கார்ந்திருந்தார். நான் அவரைக் கோபித்துக்கொள்ளவில்லை. உட்காரச் செய்து விசாரித்தேன். மகன் முதல்நாள் இரவு தொலைபேசியில் அழுதிருக்கிறான். மின்னியல் தேர்வில் தவறிவிட்டதாகவும், மற்றவர்கள் ஆங்கிலத்தில் சரளமாக விடை சொல்லுவதாகவும், தனக்கு ஒன்றும் ஏறவில்லை என்றும் கூறியிருக்கிறான். தந்தையால் தாங்க முடியவில்லை. ‘ஒரு வாரம் வீட்டில் இருந்து சோறு தின்றுவிட்டுப் போனால் தெளிந்துவிடுவான்’ என்று எண்ணியிருக்கிறார்.

அன்பினால் எழுந்த எண்ணம்தான். ஆனால் அதன் விளைவைப் பாருங்கள். ஒரு வாரம் வகுப்பை இழந்தால், தவறிய பாடத்தோடு மேலும் ஆறு பாடங்கள் சேரும். அன்றியும், பொய்க்காரணம் கூறி விடுப்பெடுத்தவன் என்ற பெயர் நிலைக்கும். நாளை உண்மையாகவே வீட்டில் ஆபத்து நேர்ந்தால் நம்புவார் இரார். கடிதம் தர இயலாது என்று சொல்லி, மகனிடம் பின்வருமாறு பேசும்படி கேட்டுக்கொண்டேன்: ‘தவறினால் மறுமுறை எழுதலாம். உன் ஆசிரியரிடம் சென்று எந்தப் பாடம் விளங்கவில்லை என்று நீயே சொல். இங்கே எல்லாரும் நலம்.’ இவ்வளவே. அந்தப் பிள்ளை மறுதேர்விலும் தவறி, அடுத்த அணியோடு சேர்க்கப்பட்டுச் சில வாரம் தாமதமாகவே பயிற்சியை முடித்தான். ஆனால் முடித்தான்.

ஆகவே தொலைபேசியில் பேசுவதற்குச் சில விதிகளை வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை பேசும்போது முதலில் கேளுங்கள். உடனே அறிவுரை கூறாதீர்கள். ‘வந்துவிடு’ என்று சொல்லாதீர்கள். ‘வந்தால் முகத்தில் விழியாதே’ என்றும் சொல்லாதீர்கள். இரண்டும் ஒரே அளவு தீமை. பங்காளிச் சண்டை, மோட்டார் பழுது, சீட்டுப் பணம், மாட்டுக்குக் காய்ச்சல் ஆகியவற்றை ஆயிரம் மைலுக்கு அப்பால் இருப்பவனிடம் சொல்லி ஆவது ஒன்றுமில்லை. அதே சமயம், பெரிய துக்கத்தை மறைக்கவும் கூடாது. பாட்டனார் இறந்த செய்தியைத் தேர்வு முடியட்டும் என்று ஒளித்து, பிறகு யாரோ ஒருவன் அனுப்பிய படத்தில் பிள்ளை அதைக் கண்டால், அதன்பின் வீட்டார் ‘நலம்’ என்று சொல்லும் சொல்லையும் நம்பமாட்டான். உண்மையான துக்கம் நேர்ந்தால் பயிற்சி நிலையத்து அதிகாரிக்குத் தெரிவித்து, அவர் வழியாகப் பிள்ளைக்குச் சொல்லுவதே முறை. அருகில் இருந்து தேற்றவும், விடுப்புக்கு ஏற்பாடு செய்யவும் அவரால் இயலும்.

இன்னும் ஒன்று. பிள்ளையின் பேச்சு மாறி, உறக்கமின்றி, உண்ண விருப்பமின்றி, ‘வாழ்ந்து என்ன பயன்’ என்ற தொனியில் பேசினால், அதைச் சோம்பல் என்று தள்ளிவிடாதீர்கள். உடனே பயிற்சி நிலையத்து அதிகாரிக்குத் தெரிவியுங்கள். மருத்துவர் உதவி நாடுவது கோழைத்தனமன்று. பெற்றோரும் தம் மனக்கலக்கத்திற்கு 14416 என்ற ‘டெலி மானஸ்’ தொலைபேசியில் தமிழிலேயே ஆலோசனை பெறலாம்.

வயலும் வருமானமும்

விவசாயக் குடும்பத்தில் ஒரு பிள்ளை வெளியேறினால் இரண்டு கைகள் குறைகின்றன. சொர்ணவாரி அறுவடையிலும் நவரை நடவிலும் அந்தக் குறை வெளிப்படையாகத் தெரியும். அதற்காக அறுவடைக்கு விடுப்புக் கேள் என்று பிள்ளையை நெருக்குவது சரியன்று. புறப்படுமுன்பே எந்தக் காணியைக் குத்தகைக்கு விடுவது, எதில் ஆள் குறைவாக வேண்டும் பயிரை வைப்பது, யார் வீட்டோடு கைமாற்று வேலை செய்வது என்று குடும்பத்தார் உட்கார்ந்து முடிவு செய்துவிட வேண்டும். முடிவு செய்ததைப் பிள்ளைக்கும் சொல்லுங்கள். வயலைப் பற்றிய கவலையோடு செல்லுபவனுக்கு வகுப்பில் மனம் ஒன்றாது.

அடுத்து, பணம். 2022 ஜூன் 14-ஆம் நாள் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தின்படி, அக்னிவீரருக்கு முதலாண்டில் மாதம் ரூ. 30,000. அதில் 30 சதவீதம், அதாவது ரூ. 9,000, சேவா நிதிக்குப் பிடிக்கப்படுகிறது. கைக்கு வருவது ரூ. 21,000. நான்காம் ஆண்டில் மாதம் ரூ. 40,000, கைக்கு ரூ. 28,000. பிடித்தம் செய்த தொகைக்கு ஈடாக அரசாங்கமும் அதே தொகையைச் செலுத்துகிறது. நான்காண்டு முடிவில் வட்டியுடன் சுமார் ரூ. 11.71 லட்சம் கிடைக்கும் என அறிவிக்கப்பட்டது; அதற்கு வருமான வரி இல்லை. ஓய்வூதியமும் பணிக்கொடையும் கிடையா. நூற்றுக்கு 25 பேர் வரையே நிரந்தரப் பணிக்கு எடுத்துக்கொள்ளப்படுவர். 2022 இறுதியில் சேர்ந்த முதல் அணியினருக்கு 2026 இறுதியில் நான்காண்டு நிறைவாகிறது.

இந்தக் கணக்கை ஒவ்வொரு வீட்டாரும் தெளிவாக அறிந்திருக்க வேண்டும். நாலில் மூன்று பேர் இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதில் ஊர் திரும்புவர். அவர்களுக்கு அந்தப் பதினோரு லட்சமே மூலதனம். ஆனால் நடப்பது என்ன? பிள்ளை ரயிலேறிய மறுவாரமே, ‘மகன் மிலிட்டரியில் இருக்கிறான்’ என்று சொல்லி வட்டிக்கு வாங்கி மாடி எழுப்புகின்றனர்; மூத்தவள் திருமணத்திற்கு நகைக்கடையில் முன்பணம் கொடுக்கின்றனர். இருபத்தோராயிரத்தில் முக்கால் பங்கு வட்டிக்கே போகிறது. பயிற்சியில் இருக்கும் பிள்ளைக்கு, ‘நான் தவறினால் வீடே மூழ்கும்’ என்ற அச்சம் பிடித்துக்கொள்கிறது. அச்சத்தோடு அளவுகோலைப் பிடிக்கும் கை நடுங்கும். ஓராண்டு வரை பிள்ளைக்கு வருமானமே இல்லை என்று எண்ணிக் குடும்பத்தை நடத்துங்கள். இதைவிடப் பெரிய உதவியை நீங்கள் அவனுக்குச் செய்ய முடியாது.

பெண்மக்களைப் பற்றி

பெண்பிள்ளைகளை அனுப்பலாமா என்று சில தாய்மார்கள் கேட்கின்றனர். சில்காவில் முதல் அணி அக்னிவீரர்கள் 2023 மார்ச் 28-ஆம் நாள் பயிற்சி முடித்து வெளிவந்தனர். ஏறக்குறைய 2,600 பேர் கொண்ட அந்த அணியில் 270-க்கும் மேற்பட்டோர் பெண்கள். புணேக்கு அருகிலுள்ள தேசிய பாதுகாப்புக் கழகத்தில் 2022-இல் முதன்முறையாகப் பெண்கள் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் 17 பேர் 2025 மே 30-ஆம் நாள் பயிற்சியை நிறைவு செய்தனர். நம் சென்னைப் பரங்கிமலையிலுள்ள அதிகாரிகள் பயிற்சிக் கழகத்தில் 1992 முதலே பெண்கள் பயிற்சி பெற்று வருகின்றனர். இயந்திரத்துக்கு அதைத் திருத்தும் கை ஆணுடையதா பெண்ணுடையதா என்று தெரியாது.

ஆனால் பெண்ணை அனுப்பும் வீட்டாருக்கு ஒரு சோதனை கூடுதலாக உண்டு. அது ஊரார் வாய். ‘இவளுக்கு எப்போது கல்யாணம்?’ என்ற கேள்வி நாள்தோறும் வரும். விமானப்படையிலும் கடற்படையிலும் அக்னிவீரராகச் சேருவோர், ஆணாயினும் பெண்ணாயினும், நான்காண்டு முடியும் வரை திருமணம் செய்துகொள்வதில்லை என உறுதிமொழி தருகின்றனர். இதை அறியாமல் விடுப்பில் வந்த பிள்ளைக்கு நிச்சயதார்த்தம் செய்து, முகூர்த்த நாளும் குறித்தால், அந்தப் பிள்ளையின் பணியே போகும். ஆகவே, கேட்பவர்களுக்குப் பெற்றோரே உறுதியாகப் பதில் சொல்லிவிட வேண்டும். மகளிடம் அந்தக் கேள்வியைக் கொண்டு போகக் கூடாது.

பின்தங்கினால்

எல்லாரும் முதல்முறையிலேயே தேறிவிடுவதில்லை. தேர்வில் தவறியோ, காலில் அடிபட்டோ பின்தங்குபவரை அடுத்த அணியோடு சேர்த்துப் பயிற்சியைத் தொடரச் செய்வது உண்டு. இதைப் பயிற்சி நிலையங்களில் ‘ரெலிகேஷன்’ என்பர். பத்தாம் வகுப்பில் தவறியது போன்ற அவமானமாக இதை எண்ண வேண்டாம். பிழையோடு தேறுவதைக் காட்டிலும் பிழை நீங்கித் தாமதமாகத் தேறுவது நல்லதென்று அந்த நிலையங்கள் கருதுகின்றன. சிலர் அடியோடு திரும்பி வரவும் நேரும். அவர்களுக்காகக் கதவு திறந்திருக்க வேண்டும்.

டாக்டர் ஏ. பி. ஜே. அப்துல் கலாம் அவர்களின் வரலாற்றில் இதற்கு இரண்டு பாடங்கள் உள்ளன. இராமேசுவரத்துச் சாதாரணக் குடும்பத்துப் பிள்ளையாகிய அவர், குரோம்பேட்டையிலுள்ள சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டது. அவருடைய சகோதரி ஜொஹரா, தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். அந்தத் தொகையைக் காட்டி அவர் தம்பியை நெருக்கவில்லை. நகையை என் சம்பாத்தியத்தில் மீட்பேன் என்று தம்பி தாமாகவே உறுதி கொண்டார். படிப்பு முடிந்தபின் விமானப்படையில் சேர டேராடூனுக்குச் சென்றார். தேர்வுக்கு வந்த 25 பேரில் அவருக்கு ஒன்பதாம் இடம். எடுத்துக்கொள்ளப்பட்டவர் எட்டுப் பேர். அன்று அந்த வாயில் அடைபட்டது. பின்னர் அவர் இந்நாட்டின் ஏவுகணைத் திட்டத்தை நடத்தி, 2002 முதல் 2007 வரை குடியரசுத் தலைவராகவும் விளங்கினார். எல்லாரும் கலாம் ஆவர் என்று நான் சொல்லவில்லை. ஒரு தேர்வு ஒரு மனிதனை அளந்து முடித்துவிடுவதில்லை என்பதையே சொல்லுகிறேன்.

ஊராட்சி செய்யக் கூடியவை

இது குடும்பத்தின் பொறுப்பு மட்டுமன்று; ஊரின் பொறுப்புமாகும். ஊராட்சிப் பெரியோர்களுக்கு ஐந்து யோசனைகளைக் கூறுகிறேன். பெருஞ்செலவு எதற்கும் இல்லை.

முதலாவது, ஊரிலிருந்து பயிற்சிக்குச் சென்றுள்ளோர் பெயர்களை ஒரு பதிவேட்டில் எழுதி வையுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும் கிராம சபையில், அந்தக் குடும்பங்களுக்கு ஏதேனும் இடர் உண்டா என்று ஒரு முறை கேளுங்கள்.

இரண்டாவது, அவர்கள் வீட்டில் அறுவடைக்கோ மருத்துவத்துக்கோ துணை வேண்டியிருந்தால், அண்டை வீட்டார் முறை வைத்து உதவ ஏற்பாடு செய்யுங்கள். எங்கள் வயலை ஊர் பார்த்துக்கொள்ளும் என்ற செய்தி, பிள்ளைக்கு ஒரு மாதச் சம்பளத்தைவிடப் பெரியது.

மூன்றாவது, ஊரிலுள்ள முன்னாள் படைவீரர்களைப் பயன்படுத்துங்கள். மாலையில் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஓய்வுபெற்ற ஹவில்தாருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது. புறப்படும் பிள்ளைக்கும் அவன் தாய்க்கும் அவர் ஒரு மணி நேரம் பேசினால் போதும். மேற்கொண்டு விவரங்களுக்கு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தை அணுகலாம்.

நான்காவது, ஊர் விளையாட்டு மைதானத்தில் முள்ளும் கண்ணாடியும் அகற்றி, ஓட ஒரு மண்பாதை அமையுங்கள். ஊர் நூலகத்தில் கணிதம், இயற்பியல், ஆங்கில அகராதி, இந்தி பாலபாடம் ஆகிய நூல்கள் இருக்கச் செய்யுங்கள்.

ஐந்தாவது, நான்காண்டு கழித்துத் திரும்புவோரை இன்றே எண்ணுங்கள். இயந்திரமும் மின்சாரமும் கற்று, ஒழுங்கும் நேரமும் பழகி வரும் இளைஞன் ஊருக்கு ஒரு செல்வம். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையும் தேர்வாய்கண்டிகைத் தொழிற்பேட்டையும் நமக்கு அருகிலேயே உள்ளன. சொந்தமாக மோட்டார், டிராக்டர் பழுதுபார்க்கும் பட்டறை வைக்க விரும்புவோருக்கு இடமும் வங்கித் தொடர்பும் காட்டுவது ஊராட்சியின் கடமை. படையில் பெற்ற தொழிற்சான்றிதழ்களைப் பத்திரமாக வைத்திருக்கும்படி பிள்ளைகளுக்கு இப்போதே எழுதுங்கள்.

தாய்மார்களே, பெரியோர்களே! உங்கள் பிள்ளைக்குப் பாடம் சொல்லித் தர உங்களால் இயலாது. மின்சுற்றுப் படம் உங்களுக்கு விளங்காது; எனக்கும் விளங்காது. ஆனால் கடன் வாங்காதிருக்க உங்களால் இயலும். பொய் சொல்லி அழைக்காதிருக்க இயலும். அழும்போது கேட்டுக்கொண்டிருக்கவும், தவறினால் ‘மறுபடி எழுது’ என்று சொல்லவும், வயலையும் மாட்டையும் பார்த்துக்கொள்ளவும் இயலும். நம்மால் இயன்றதை நாம் ஒழுங்காகச் செய்துவிட்டால், இயலாததைப் பயிற்சி நிலையம் செய்துகொள்ளும். இன்று வீடு திரும்பியதும் கணவனும் மனைவியும் உட்கார்ந்து, அடுத்த ஓராண்டுக்கான குடும்பக் கணக்கை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பிள்ளையின் சம்பளத்தை அதில் சேர்க்க வேண்டாம். கணக்கில் துண்டு விழுந்தால், எதைக் குறைப்பது என்று பேச அலுவலகத்துக்கு வாருங்கள், பேசுவோம்.